சமத்துப் பிள்ளைகள்

வாரத்தில் ஆறு நாள் தங்கமாக இருக்கிற குழந்தை ஏழாம் நாள் பிசாசாக மாறினால் பெற்றவள் என்ன நினைப்பாள்? தன் மேல்தான் குற்றம் என்று நினைப்பாள். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொக்கம்மாளும் அப்படித்தான் நினைத்தாள்.

திங்கள் முதல் சனி வரை அவள் மகள் பூவம்மாவைப் போலச் சமத்து ராயபுரத்திலேயே கிடையாது. பத்து மாதக் குழந்தை. சாயங்காலம் வேலை விட்டு வந்து தூக்கினால் தோளில் துண்டு மாதிரி கிடக்கும். அழாது, அடம் பிடிக்காது, பசிக்கிறதென்றுகூட வாயைத் திறக்காது. "இன்னா கொடுத்துவச்சவடி நீ" என்று லைன் வீட்டுப் பெண்கள் சொல்லும்போதெல்லாம் சொக்கம்மாளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை பகல் ஏறியதும் கதை மாறும். குழந்தை கொட்டாவி விடும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தும்மும். மூக்கு ஒழுகும். பிறகு காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அது போடுகிற கூச்சலில் காசிமேட்டுக் காக்கைகூடப் பறந்துபோகும். பச்சை பச்சையாக வயிற்றால் போகும். மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துத் துப்பிவிட்டு மறுபடி வீறிடும்.

ஆறு நாளும் குழந்தை சொக்கம்மாளிடம் இல்லை. துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த கடலைக் கிடங்கில் அவளுக்கு வேலை. கப்பலேறிப் போகிற வேர்க்கடலையிலிருந்து சொத்தையும் கல்லும் பொறுக்குவதற்கு அங்கே இருநூறு பெண்கள். விடிந்ததும் சங்கு ஊதும், உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வரலாம். கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு வாசற்படிகூடக் கிடையாது. எப்போதோ எவளோ ஒருத்தியின் குழந்தை கடலைக் குவியலில் ஒன்றுக்குப் போய்விட்டதாம், அன்றைக்குப் போட்ட சட்டம். கடல் தாண்டி இருக்கிறவன் வாய்க்குப் போகிற சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும், இங்கே பெற்றவள் மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தால் எவனுக்கு என்ன?

அதனால் லைன் வீட்டுக் கடைசி அறையில் இருந்த ஆவுடையம்மாளிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போவார்கள். தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்த விதவை. வந்து இருபது வருஷமாகிப் பேச்செல்லாம் பட்டணத்துப் பேச்சாகிவிட்டது. ஆறு பேருடைய ஆறு குழந்தைகள் அவளிடம். காலையில் வந்ததும் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாவற்றையும் கல்லில் உரைத்து ஆறின் நாக்கிலும் தடவுவாள். உரைமருந்து எல்லா வீட்டிலும் கொடுப்பதுதானே. சொக்கம்மாளே போன பொங்கலுக்கு ஒரு ஜாதிக்காய் வாங்கிக் கொடுத்திருந்தாள். நல்ல மனசோடு வாங்கிக் கொடுத்தாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்கு அந்தக் கையையே வெட்டிப்போடலாம் என்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகள் பல இப்படிப் போனதும் லைன் வீடே கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆறு நாள் ஆவுடையம்மாள் ஊற்றுகிற மாட்டுப்பாலில் நன்றாக இருக்கிற குழந்தை, தாய்ப்பால் குடிக்கிற நாளில்தான் இந்தப் பாடு படுகிறது. அப்படியானால் கோளாறு எதில்?

"உன் பாலு கெட்டுப்போச்சிடி" என்றாள் பக்கத்து அறை வியாகுலம்மாள். அவளும் கடலைக் கிடங்குக்காரிதான். அவளுடைய மகன் லூர்துவும் ஆவுடையம்மாள் வளர்ப்புதான். "நாள் முச்சூடும் அந்த தூசிலயும் சூட்லயும் குந்திகினு கீற. பாலு வெந்து விஷமாப் பூட்ச்சி. வத்த வச்சிடு. கொயந்த பொயச்சிக்கும்."

புருஷன் வரதனும் தலையை ஆட்டினான். அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கப்பல் எப்போது வந்தால் அப்போது வேலை, ராத்திரி பகல் கிடையாது. மகள் என்றால் உயிரையே விடுவான். ஆனால் பெண்கள் சங்கதியில் பெண்கள் சொல்வதைக் கேட்பதுதான் வழக்கம் என்று நினைக்கிற சாது.

சொக்கம்மாள் மல்லிகைப் பூ வாங்கி வந்தாள். நசுக்கி, இரண்டு மார்பிலும் வைத்து, பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். மூன்று நாள் வலியில் கை தூக்க முடியவில்லை. கிடங்கில் கடலை பொறுக்கும்போது பக்கத்தில் இருந்தவள், "இன்னாடி, கல்யாணப் பொண்ணு மாதிரி மணக்குற" என்று சிரித்தாள். நான்காம் நாள் மார்பு தளர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் சொட்டு இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, குழந்தை பிழைத்தால் போதும் என்று அடக்கிக்கொண்டாள்.

பெற்ற மகளுக்கென்று அவளிடம் இருந்த ஒரே நல்ல பொருளைத் தன் கையாலேயே வற்றவைத்தாள். ஊரே கூட இருந்து கட்டிவிட்டது. ஒருத்திக்குக்கூட வாய் திறக்கத் தோன்றவில்லையே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தை முன்னைவிட மோசமாகத் துடித்தது. இப்போது குற்றம் சொல்லப் பாலும் இல்லை. சொக்கம்மாள் குழந்தையை வாசலில் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் சுப்புராயன் வந்தார்.

சுப்புராயன் வரதனுக்குச் சித்தப்பா. துறைமுகம் கட்டி முடிப்பதற்கு முன்னால் அலையில் படகு தள்ளிச் சரக்கு இறக்கினவர். குளிருக்கென்று பிடித்த அபின் முப்பது வருஷமாக அவரை விடவில்லை. படகு போயிற்று, பெண்சாதி போனாள், பல் போயிற்று. வந்தால் யாரும் மணையை எடுத்துப் போடுவதில்லை. 'அபின்காரன்' என்பதே பெயராகிவிட்டது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

குழந்தையின் பக்கத்தில் குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கொட்டாவியைப் பார்த்தார். தும்மலை எண்ணினார். சின்னக் கையில் மயிர்க்கூச்செறிந்திருந்ததைத் தடவிப் பார்த்தார்.

"சொக்கு" என்றார். "இது பாலு கோளாறு இல்லம்மா. எனுக்கு வர்ற நோவு இது."

"இன்னா மாமா சொல்ற?"

"கடை தொறக்காத நாள்ல எனுக்கு இப்டித்தான் வரும். கொட்டாவி, தும்மலு, வயித்தால போறது, முதுகெலும்புல குளுரு. உன் கொயந்தைக்கு யாரோ அபினு குட்த்துகினு வர்றாங்க."

சொக்கம்மாளுக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் அவர்மேலேயே பாய்ந்தாள். "துன்றது நீ, பழிய கொயந்தமேல போடறியா?" என்று கத்தினாள். கிழவர் கோபித்துக்கொள்ளவில்லை. இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கறுப்பு உருண்டையில் கடுகளவு கிள்ளி, தண்ணீரில் கரைத்து, குழந்தையின் நாக்கில் தடவினார்.

கால் மணி நேரம். கால் மடக்கம் விட்டது. அழுகை தேய்ந்தது. குழந்தை தன் வழக்கமான சமத்தோடு அவள் தோளில் சாய்ந்தது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சொக்கம்மாள் குழந்தையைக் கிழவரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி அறைக்கு ஓடினாள். ஆவுடையம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை ஓர் உதை, அரிசி அறையெல்லாம் சிதறியது. மாடத்தில் இருந்த உரைகல்லை எடுத்து முகர்ந்தாள். வசம்பு வாடைக்கு அடியில் கசப்பாக, சுப்புராயன் கிட்டே வந்தால் வீசுமே, அதே வாடை. அத்தனை நாளும் அந்தக் கல் அங்கேதான் இருந்தது, அவள் குனிந்து ஒருநாளும் முகர்ந்து பார்க்கவில்லை.

"பாவி! பச்ச மண்ணுக்கு விஷத்த வச்சியே, உன் கை அழுவிப் போவாதா?"

லைன் வீடு முழுவதும் கூடிவிட்டது. ஆவுடையம்மாள் எழுந்திருக்கவில்லை. சிதறின அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே பேசினாள்.

"ஆறு கொயந்தம்மா. ஆறும் ஒண்ணா அயுதா நா எத்த தூக்குவேன்? எனுக்கு கீறது ரெண்டு கை. ஒண்ணு அயுதா அஞ்சையும் எயுப்பி உட்டுடும். நீங்க ஊத்தச் சொல்லி குடுக்குற பாலு ரெண்டுக்குக்கூட காணாது. பசில அயுவும். இத்த வச்சா பசி தெரியாது. நீ இத்தினி மாசமா சாயங்காலம் வந்து தூக்கிகினு போனியே, எப்டி இது அயாம கீதுன்னு ஒரு தபா கேட்டியா?"

"நீ சொன்னியா?"

"நீ கேட்டியா?"

சொக்கம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேளுங்கடி! உங்க புள்ளைங்களுக்கும் இதான் குடுக்குறா! இன்னா கம்னு நிக்கிறீங்க?"

ஒருத்தியும் கையை ஓங்கவில்லை. கண்ணைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி முந்தானையைத் திருகினாள். கடைசியில் வியாகுலம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"தெரியும்டி."

"இன்னாது?"

"எங்க எல்லாத்துக்கும் தெரியும். உனுக்கு மொத புள்ள, தெரியாது. அயுவுற கொயந்தைய யாரு வச்சிகினு பாத்துப்பா? நா வேலைக்கி போவாட்டி மூணு புள்ளைங்க இன்னா துன்னும்? நடக்க ஆரம்பிச்சா நிறுத்திப்புடுவா. என் பெரிசுங்க ரெண்டும் பொயச்சிகினுதான கீது?"

"தெரிஞ்சிகினேவா என்ன பாலு வத்த வைக்கச் சொன்ன?"

வியாகுலம்மாள் முகத்தில் ரத்தம் சுண்டியது. "அது… ஞாயித்துக்கெயமைல என் புள்ளைக்கி நானே கொஞ்சோண்டு வச்சிடுவேன். நீயும் வைக்கிறேன்னு நெனச்சேன். வச்சும் அயுவுதுன்னா பாலாத்தான் இருக்கும்னு…"

சொக்கம்மாள் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அறைந்த கையோடு தானும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஆத்திரம் தீரவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு மூலையில் தெரியாமலா இருந்தது? எந்தக் குழந்தை அப்படிக் கிடக்கும்? சமத்து சமத்து என்று ஊர் சொன்னதைக் கேட்டுப் பூரித்தாளே தவிர ஏன் என்று ஒரு வார்த்தை அவளும் கேட்கவில்லைதான். வியாகுலம்மாளுக்கு விட்ட அந்த அறையில் பாதி அவள் தனக்கே கொடுத்துக்கொண்டது.

நாளையிலிருந்து ஒரு பொட்டுக்கூடக் கூடாது என்று அவள் சொன்னதும் சுப்புராயன் பதறிப்போனார். "சட்டுனு நிறுத்தினா கொயந்த தாங்காது. வயித்தாலயே போய்ச் செத்துப்பூடும். தினம் கடுகளவ எட்டு கரண்டி தண்ணில கரச்சி ஊத்து. மூணு நாளிக்கி ஒருவாட்டி ஒரு கரண்டி கொற. எட்டும் கொறஞ்சா தீந்துச்சி. நடுவுல எவ்ளோ அயுதாலும் ஏத்தாத. ஏத்தினா…" என்று நிறுத்திக்கொண்டார்.

"உனுக்கு இவ்ளோ தெரியுதே, நீ ஏன் மாமா உடல?"

"எனுக்கு எவ கரண்டி புடிச்சி ஊத்தினா?" என்றார் கிழவர். 

அபின் விற்பது கள்ளச் சந்தையில் இல்லை. கடைத்தெருவில், பலகை மாட்டி, வருஷா வருஷம் சர்க்கார் ஏலத்தில் எடுத்தவர் பட்டப்பகலில் விற்கிற கடை. சுப்புராயன்தான் போய் வாங்குவார். சொக்கம்மாள் எதிர்ச்சாரியில் நின்று, அவர் படி இறங்கினதும் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொள்வாள். "என் கைல பத்து அடி தூரம் உட்டீன்னா நா துன்னுப்புடுவேன்" என்று அவரே எச்சரித்திருந்தார்.

வேலை போயிற்று. அடுத்த நாளே கிடங்கு மேஸ்திரி அவள் இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டான். வரதன் இரட்டை முறை மூட்டை தூக்கினான். குழந்தை இரவும் பகலும் சிணுங்கியது. அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். தாய்ப்பால் இருந்திருந்தால் அதைக் கொடுத்தாவது அணைத்திருக்கலாம். வற்றின மார்பில் குழந்தை வாயை வைத்துவிட்டு ஏமாந்து பார்க்கும்போது சொக்கம்மாளுக்கு அந்த மல்லிகைப் பூ, வியாகுலம்மாள், கிடங்கு, கப்பல், அபினை ஏலம் விடுகிற சர்க்கார் எல்லாவற்றையும் ஒரே குழியில் தள்ளி மூட வேண்டும்போல இருக்கும்.

ஆனாலும் எட்டு ஏழாயிற்று, ஏழு ஆறாயிற்று. ஐந்து கரண்டிக்கு இறங்கியதும் பூவம்மா ஒருநாள் சிரித்தது. நான்கில் பசிக்கு அழுதது, வெறும் பசிக்கு, சோறு கண்டதும் நிறுத்துகிற அழுகை. இரண்டில் தவழ்ந்து அடுப்புக் கரியை வாயில் வைத்தது. மூன்று வாரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கரண்டிதான் பாக்கி. இன்னும் மூன்றே நாள், மிச்சத்தைச் சாக்கடையில் போட்டுவிடலாம் என்று மாடத்தில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு, அழுக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வரதன் ராத்திரி முழுவதும் கப்பலில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து படுத்திருந்தான்.

திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பாடுபட்டது பலித்துவிட்டது, பிள்ளை தானாகத் தூங்குகிறது என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷத்துக்காக அவள் சாகிற வரைக்கும் தன்னை மன்னிக்கப்போவதில்லை.

கிட்டே போனாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வருகிறதா இல்லையா என்று கன்னத்தை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"யோவ்! இன்னாய்யா பண்ண?"

வரதன் எழுந்து கண்ணைத் தேய்த்தான். "ரொம்ப அயுதுச்சி சொக்கு. கண்ணு எரிஞ்சிச்சி எனுக்கு. ஒரு நாள்தானேன்னு… ஆவுடையம்மா வைக்கிற அளவுதான் வச்சேன். கடுகளவுதான்."

அவன் சொன்னது பொய்யில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் தினம் போன அதே கடுகுதான். ஆனால் அதைத் தாங்குகிற குழந்தை இப்போது அங்கே இல்லை. சொக்கம்மாள் போட்ட கூச்சலில் சுப்புராயன் ஓடி வந்தார். இமையைப் பிதுக்கிப் பார்த்தார். கண்மணி ஊசி முனையாகிவிட்டிருந்தது. "இத்தான் சொல்ல வாய் வராம நிறுத்தினேன். என் தம்பி இப்டித்தான் போனான். உட்டுட்டு மூணு மாசம் கயிச்சி பழைய அளவையே துன்னான்."

"மாமா!"

"தூங்க உடாத! தூங்கினா மூச்சு நின்னுடும். உள்ளங்கால்ல சுண்டு. தண்ணி அடி மூஞ்சில. கடுங்காப்பி போடுங்கடி எவளாச்சும்! வரதா, மருந்துக்கடை கம்பவுண்டர இட்டுகினு வா, ஓடு!"

வரதன் வேட்டிகூடச் சரியாகக் கட்டாமல் ஓடினான்.

அன்றைக்கு லைன் வீட்டுப் பெண்கள் செய்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். கிள்ளினார்கள், குலுக்கினார்கள், தட்டினார்கள், பெயர் சொல்லிக் கத்தினார்கள். ஒருத்தி கை ஓய்ந்தால் அடுத்தவள் வாங்கிக்கொண்டு வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்தாள். ஆவுடையம்மாள் காப்பியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்தாள். வியாகுலம்மாள் மாதாவை வேண்டிக்கொண்டே உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டித் தன் நகத்தை உடைத்துக்கொண்டாள். கம்பவுண்டர் வந்து சேர்ந்து வயிற்றைக் கழுவினார். "நீங்க பண்ணதுதாம்மா வைத்தியம், விடாதீங்க" என்றார். பொழுது சாய்கிற நேரத்தில் பூவம்மா கண்ணைத் திறந்து கீச்சென்று ஓர் அழுகை அழுதது. அத்தனை பேரும் கூடச் சேர்ந்து அழுதார்கள்.

வரதன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.  சொக்கம்மாள் அவனைத் தாண்டிப் போய் மாடத்துப் பொட்டலத்தை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். மூன்று நாள் பாக்கி கரண்டியை இனி யார் கணக்குப் பார்த்தார்கள்?

திங்கட்கிழமை விடிந்தது. சங்கு ஊதுவதற்கு முன்னால் அவள் பூவம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆவுடையம்மாள் வாசலை மறித்து நின்றாள். நேற்று அத்தனையும் கண்ணால் பார்த்தவர்கள் இன்றைக்கு எப்படி வருவார்கள், பார்த்துவிடலாம் என்று நின்றாள்.

வந்தார்கள். ஐந்து பேரும் வந்தார்கள். நேற்று பூவம்மாவைத் தூக்கி நடந்த அதே இடுப்புகளில் அவரவர் குழந்தை.

"நவுரு சொக்கு, நேரமாச்சி" என்றாள் ஒருத்தி.

"நேத்து பாத்தீங்கல்ல? கண்ணு அவிஞ்சா போச்சி உங்களுக்கு?"

"பாத்தோம். நவுரு."

"உள்ள போனா பொணமாத்தான் வரும்!"

"வாய அலம்புடி!" என்று ஒருத்தி அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். பின்னாலேயே இன்னொருத்தி. மற்ற இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நுழைந்தார்கள். உள்ளேயிருந்து ஆவுடையம்மாள், "நானாம்மா கூப்புட்றேன்? அவங்களேதான் வராங்க" என்றாள். கல்லில் மருந்து உரைக்கிற சத்தம் கேட்டது.  சொக்கம்மாளுக்குக் கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. அவள் சொல்வது பொய் என்று ஒருத்தியும் சொல்லவில்லை, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

வியாகுலம்மாள் மட்டும் படியில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தாள். சங்கு ஊதிற்று. அவள் லூர்துவைப் பார்த்தாள். எட்டு மாதக் குழந்தை, தோளில் துண்டாகக் கிடந்தது.

"நீ பாத்துக்கறியா?" என்றாள்.

"பாத்துக்கறேன்."

"அயுவானே."

"அயுவான். ஒரு மாசம் அயுவான். ஊரே பேஜாரு ஆவும். ஆவட்டும்."

வியாகுலம்மாள் குழந்தையை அவள் மற்ற இடுப்பில் ஏற்றினாள். "சாயங்காலம் உசுரோட குடு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிடங்குப் பக்கம் ஓடினாள்.

ஐந்தில் ஒன்று. சொக்கம்மாள் உள்ளே இருக்கிற நான்கையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டு குழந்தைகளோடும் கடைத்தெருவுக்கு நடந்தாள். லூர்துவுக்கு இன்றைக்கு எட்டு கரண்டி வேண்டும். இருந்த அபினைத்தான் சாக்கடையில் கொட்டிவிட்டாளே. சுப்புராயனைக் கூப்பிடவில்லை. எதிர்ச்சாரியில் ஒளிந்து நிற்கிற வேலை இனி வேண்டாம் என்று இருந்தது.

அபின் கடை அப்போதுதான் திறந்தது. நாலைந்து ஆண்கள் நின்றார்கள், இடுப்புக்கு ஒன்றாகக் குழந்தை சுமந்தவளைப் பார்த்து விலகினார்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"இவனுக்கு" என்று லூர்துவைக் காட்டினாள். "மருந்தோட சேத்து தினம் குட்த்து வளத்தாங்க. இப்ப கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தணும். உன் கடை சரக்குதான்."

கடைக்காரர் பதறிவிட்டார். தலைக்கு மேலே தொங்கின பலகையைக் காட்டினார். "சிறுவர்களுக்கு விற்கக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு போட்டிருக்கு, தெரியாதா? கொழந்தைக்குன்னு சொன்னா எப்படிம்மா குடுப்பேன்? லைசென்ஸ் போயிடும்."

"எங்க லைன்ல ஆறு கொயந்தைக்கு இத்தினி வருசமா யாருய்யா வித்தது?"

"அவங்க யாரும் கொழந்தைக்குன்னு கேக்கலையே." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒனக்குன்னு சொல்லு, அறுத்துத் தரேன். அவ்வளவுதானே?"

வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். சொக்கம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தத் தராசைத் தூக்கி அவர் மண்டையில் போட வேண்டும், பலகையைப் பிடுங்கித் தெருவில் மிதிக்க வேண்டும். மாட்டேன், குழந்தைக்குத்தான், எழுதிக்கொள் என்று ஊர் கேட்கக் கத்த வேண்டும். வாயைத் திறந்தாள்.

லூர்து கொட்டாவி விட்டான். இன்னும் விடிகாலை மருந்து அவன் நாக்கில் படவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூக்கு நுனியில் நீர் கோத்தது.

"எனுக்குத்தான்" என்றாள் சொக்கம்மாள். "நான்தான் துன்றேன். குடு."

கடைக்காரர் நிம்மதியாகக் கத்தியை எடுத்து அறுத்தார்.